ஓட்டையைப் பெரிதாக்கியவன்

செய்தி வந்தபோது காலை ஒன்பது நாற்பது. இவோனெச்சி மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டியைத் துருவிப்போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். கை முழுக்க மாவு. மணிக்கட்டால் போனை அழுத்தி ஸ்பீக்கரில் கேட்டாள். மின்சாமான் கடைக்காரர் பேசினார். கவுன்ட்டரில் நின்ற வல்தெசீர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தானாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். கடைக்காரரோடு சண்டை பிடித்தே செத்திருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பத்தொரு வருடம் அவனுக்கு மனைவியாக இருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

பிரேசிலின் மோன்ட்டிஸ் கிளாரோஸ் ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவன் வல்தெசீர். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து பிளம்பர், தச்சன், எலெக்ட்ரீஷியன் எல்லாம் அவனே. படித்துத் தொழில் செய்கிறவர்களை அவன் மனிதராகவே மதித்ததில்லை. அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அவன் மாட்டிய குழாய் மூடினால்தான் சொட்டும். அவன் செதுக்கிய கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுக்க வேண்டும். தெருவே அவனைக் கைராசிக்காரன் என்றது. ஆனால் ஒருவரும் தங்கள் வீட்டில் அவனை எதையும் தொடவிட்டதில்லை.

போன மாதம் வீட்டுக்கு மின்சார ஓவன் வந்தது. அதன் பிளக்கின் மூன்று கால்களும் தடியானவை. சுவரில் இருந்ததோ மெல்லிய கால்களுக்கான பிளக் பாயின்ட். அந்த ஓவனுக்குச் சுவருக்குள்ளும் தடித்த வயர் வேண்டும், மெல்லிய வயர் பாயின்ட்டில் நுழையக்கூடாது என்றுதான் கால் தடிமன். ஊரில் பாதிப் பேர் செய்வதையே வல்தெசீரும் செய்தான். டிரில்லிங் மெஷினால் பாயின்ட்டின் ஓட்டைகளைக் குடைந்து பெரிதாக்கினான். பிளக் உள்ளே போனது. ஓவன் செய்தவன் முட்டாள் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

மூன்றாம் நாள் பாயின்ட்டில் பொறி பறந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை ரொட்டியில் ஏறியது.

“பொறி வந்தா கரண்ட் நல்லா வருதுன்னு அர்த்தம், கிழவி,” என்று டேப்பைச் சுற்றினான். டேப்பும் உருகியது.

இவோனெச்சி பழைய கேஸ் அடுப்புக்குத் திரும்பினாள். அடுக்களை எரிந்துபோகும் முன் வேலை தெரிந்த கை ஒன்று அந்தச் சுவரைத் தொட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அவனிடம் சொல்லாமல், பயிற்சிப் பள்ளியில் எலெக்ட்ரீஷியன் தொழில் படித்த ஜெனில்தாவை வரவழைத்தாள். அவன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான். ஷாக் அடித்தால் என்னைக் கூப்பிடு தங்கச்சி என்றான்.

ஜெனில்தா முதலில் பிரேக்கரை இறக்கி மின்சாரத்தை நிறுத்தினாள். அவன் சிரித்தான், ஆம்பிளைக்கு அதெல்லாம் தேவையில்லை என்பது அவன் கொள்கை. அவள் மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி மாட்டிவிட்டு பிரேக்கரை ஏற்றினாள்.

“ஓட்டையைப் பெரிசாக்கினா வயரும் பெரிசாயிடுமா ஐயா? வாயைக் கிழிச்சுவிட்டா தொண்டை அகலமாயிடுமா?”

இவோனெச்சி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. நானே செய்துகொள்வேன் என்று ஜெனில்தாவை அனுப்பினான். என்ன வயர், என்ன பாயின்ட் என்று அவள் எழுதிவைத்த சீட்டை, மனைவி பார்க்கவே கசக்கிக் குப்பையில் போட்டான். மூன்றாம் நாள் காலை, எங்கே என்று சொல்லாமல் வெளியே போனான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவன் கைகளைப் புகழ்ந்தார்கள். இவோனெச்சி காபி ஊற்றினாள். கதவு மூடாததற்கும் யாரோ ஒருவர் காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்.

சாயங்காலம் கடைக்காரர் ஒரு பையோடு வந்தார். தடித்த வயர்ச்சுருள், பெரிய ஓட்டை வைத்த பாயின்ட், காபிக்கறை படிந்த ஒரு கசங்கிய சீட்டு.

“சண்டையெல்லாம் இல்லம்மா. சீட்டை நீட்டி, ‘இதுல இருக்கறதையே குடுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னார்.”

“பொய் சொல்லாதீங்க,” என்றாள் இவோனெச்சி. “அந்த மனுஷன் அப்படிச் சொல்ற ஆளே இல்ல.”

எல்லோரும் போனபின் ஓவனைத் தள்ளிவிட்டு பாயின்ட்டைப் பார்த்தாள். பிறகு பிரேக்கர் பெட்டியைத் திறந்தாள். ஓவனுக்கான பிரேக்கர் இறக்கப்பட்டிருந்தது. பாயின்ட் மூடியின் இரண்டு திருகுகளில் ஒன்றைத்தான் அவன் கழற்றியிருந்தான்.