தலைக்கு ஆகும், வடைக்கு ஆகாது: கீழ் கோத்தகிரிக்கு எண்ணெய் வாங்கப் போன கதை

தை மாதத்தில் ஊட்டிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சீசன் இல்லை, பூ இல்லை, உறைபனி மட்டும் இருக்கிறது, எண்ணெய் வாங்குவதற்கா போகிறாய் என்று கேட்டார்கள். ஆமாம், எண்ணெய் வாங்குவதற்குத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கோவையில் பாதிப் பேருக்குத் தெரியும். கார்த்திகையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசம் ஊற்றக் குனிந்தேன். கொண்டைக்குள் வைத்துக் கட்டியிருந்த சவரி கழன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரின் இலையில், அப்பளத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல மனிதர். "இதென்னங்க, புதுப் பலகாரமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள்: அம்பது வயசுக்கு மேல முடி இருந்தா என்ன, போனா என்ன. சொன்ன ஒவ்வொருத்திக்கும் கொண்டை இருந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. தலைக்கு ஓர் எண்ணெய், வெடித்துப்போன குதிகாலுக்கும் கைக்கும் ஓர் எண்ணெய், அப்படியே சமையலுக்கும் வாசனையாக ஒன்று, இந்த மூன்றையும் தேர்ந்தெடுக்காமல் மலையை விட்டு இறங்குவதில்லை என்று கிளம்பினேன்.

கோவையில் காலை ஆறரைக்கு பஸ். மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி எண்பத்தாறு கிலோமீட்டர், பத்தேகால் ஆகிவிட்டது. ஜன்னலோர இடம் பிடிக்காதீர்கள், தையில் அது தண்டனை. மார்க்கெட்டில் எண்ணெய்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் நுழைந்த கடையில் ஒரு பச்சை எண்ணெயைக் காட்டி, "முடிக்கு, மூட்டுக்கு, தோலுக்கு, தாளிக்கறதுக்கு, எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுமுங்க" என்றார் கடைக்காரர். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். கைக்குட்டை கிளிப்பச்சையானது, இன்றுவரை அப்படியே இருக்கிறது. மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் பச்சை மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளைத் துணியில் பளிச்சென்று ஒட்டினால் அது சாயம். "இதைத் தேய்ச்சா முடி வளருமோ என்னமோ, பாசி வளருமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து குன்னூர், பத்தொன்பது கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் யூகலிப்டஸ் தைலம் கிடைத்தது, நல்ல சரக்கு. ஆனால் தைலம் வேறு, காய்ச்சிய எண்ணெய் வேறு. தைலம் இலையிலிருந்து ஆவியாக வடித்து எடுப்பது, அதை வெறுமனே தோலில் போடக்கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், குளிருக்கு இதமாக இருக்குமே என்று கன்னத்தில் ஒரு சொட்டுத் தடவிக்கொண்டேன். கோத்தகிரி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே ரகசியமாகக் கேட்டார்: "ஏனுங்கம்மா, யாராச்சும் அடிச்சுப்போட்டாங்களா?" இருபது கிலோமீட்டரும் ஒரு கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோத்தகிரியில் பஸ் மாறி, இன்னும் பதினாறு கிலோமீட்டர் இறங்கினால் கீழ் கோத்தகிரி. என் வீட்டுக்காரரின் தங்கை சரோஜா அங்கே ஓர் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுப்பிரமணி அந்த எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க். எங்கள் பக்கத்தில் அண்ணியை அழைக்கிற வழக்கப்படி சரோஜா என்னை நங்கையா என்பாள்.

மறுநாள் காலையில் அவள் தலை சீவுவதைப் பார்த்தேன். சீப்பு உள்ளே போனது, வெளியே வர வழி தெரியாமல் திண்டாடியது. "என்னடி தடவறே?" என்றேன்.

"சிலோன்காரம்மா எண்ணெய்ங்க நங்கையா. பேக்டரி கேட்டுல டீக்கடை வெச்சிருக்காங்களே செல்லம்மா, அவங்க காய்ச்சறது. குவார்ட்டர்ஸ்ல எல்லா ஊட்லயும் இதுதானுங்க."

ஊட்டி, குன்னூரெல்லாம் சுற்றித் தேடியது இவள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. உடனே பாட்டிலோடு கிளம்பினோம்.

கடை என்பது நாலு கம்பம், தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. செல்லம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். கட்டையான உருவம், கணீரென்ற குரல். தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும், அவர் சேரை என்று சொல்கிற எலுமிச்சம்புல்லும் போட்டு, சின்னத் தீயில் காய்ச்சி வடிகட்டுகிறார். அதில் பாதி வடைச் சட்டிக்குப் போகிறது. மீதியில் கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டு மறுபடி காய்ச்சினால் தலைக்கு. ஹட்டனில் ஒரு தொரைசாணிக்கு இந்த எண்ணெயில் முடி முழங்காலைத் தாண்டி வளர்ந்து, குதிரையேறும்போது இடைஞ்சலாக இருந்ததாம். இந்தப் பொய்யை அவர் சொன்ன அழகுக்கே இரண்டு பாட்டில் வாங்கலாம்.

"ஒரு பாட்டில் குடுங்கம்மா, தலைக்கு" என்றேன்.

"தலைக்கு இல்லை."

"அந்தக் குண்டான் நிறைய இருக்குதே?"

"அது வடைக்கு."

"ரெண்டுக்கும் ஒரே எண்ணெய்தானுங்களே?"

"அதை இவங்க ஊட்டு ஐயாகிட்டச் சொல்லுங்க" என்று கரண்டியால் சரோஜாவைக் காட்டினார். "அவருக்குத்தான் அது தெரியலையாம்."

சரோஜா முந்தானையைத் திருகினாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் தேங்காயெண்ணெய் தலைக்கு, நிலக்கடலை ஆட்டிய கடலெண்ணெய் சட்டிக்கு. சிலோனிலிருந்து வந்தவர்களுக்குச் சட்டிக்கும் தேங்காயெண்ணெய்தான். ஆபீஸ்காரர்கள் சேர்ந்து, தலைக்கு வைக்கிற எண்ணெயில் வடை சுடுகிறாள், வாசனை தாங்கவில்லை என்று மேலே, எஸ்டேட் மேனேஜரான தொரைக்கு, புகார் எழுதிவிட்டார்கள். கடலெண்ணெய்க்கு மாறவேண்டும், இல்லாவிட்டால் எஸ்டேட்டுக்குச் சொந்தமான அந்தக் கடையைக் காரமடை ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கடை போனால் செல்லம்மாவுக்குக் கூலி வேலைதான். அதுவும் தினமும் இருக்காது. இன்று பத்து மணி டீ நேரத்துக்கு ஹெட் கிளார்க் வந்து முடிவு கேட்கப்போகிறார். அதற்குச் செல்லம்மா கொடுத்த பதில், குவார்ட்டர்ஸ் பெண்கள் யாருக்கும் தலைக்கு எண்ணெய் கிடையாது என்பது.

"வடைக்கு ஆகாத எண்ணெய் உங்க தலைக்கு மட்டும் எப்படி ஆகும்?" என்றார். நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் வந்து, கண்ணெதிரே குண்டான் நிறைய எண்ணெய் இருக்க, வெறும் பாட்டிலோடு நின்றேன். நானும் அந்தப் புகார்க்காரர்களின் ஜாதிதான். எங்கள் வீட்டில் யாராவது தேங்காயெண்ணெயில் தாளித்தால் ஜன்னலைத் திறப்பேன்.

ஆனால் வீம்பு இருக்கிறதே, அது ஒரு காரியத்துக்காகக் கிளம்பினாலும் வழியில் வேறு காரியத்தில் ஏறிக்கொள்ளும். எஸ்டேட்டில் ஆபீஸ் ஸ்டாப் வீட்டுப் பெண்கள் பேக்டரி கேட்டுக் கடையில் உட்காருவதில்லை. நான் உட்கார்ந்தேன். சரோஜா சுற்றுமுற்றும் பார்த்தாள். "வாடி" என்றேன். உட்கார்ந்தாள்.

வடை வந்தது. ஒரு கடி கடித்தேன். மனம் மாறிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். மாறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போன ஞாபகம்தான் வந்தது, என் சடையையே கடித்த மாதிரி. இருந்தாலும் இரண்டாவதையும் கேட்டு வாங்கினேன்.

சங்கு ஊதியது. பேக்டரி ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்களும் கூடையோடு வந்தார்கள், பாதிப் பேர் சிலோனிலிருந்து வந்தவர்கள். தட்டு நிறைய இருந்த வடை மளமளவென்று குறைந்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுப்பிரமணி வந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சரோஜா, எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க" என்றாள் சரோஜா. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. "எந்தலைய தெனமும்தான் பாக்கறாங்க. அதுல இருக்கறதும் இதே எண்ணெய்தானுங்களே."

"நான் என்னங்கக்கா பண்றது?" என்று என்னிடம் திரும்பினார். "வாசனை தாங்கலைன்னு புகார் வந்திருக்குதுங்க."

"ஏன் தம்பி, இந்த வாசனை உங்க ஊட்ல தெனமும் ராத்திரி தலகாணி மேலயே படுத்திருக்குதே, அதுக்குப் புகார் எழுதலியா?"

பெஞ்சில் இருந்தவர்களுக்குப் புரை ஏறியது. கூடைக்காரப் பெண் ஒருத்தி சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போனது. சுப்பிரமணியின் காது, தைலம் பட்ட என் கன்னத்தின் நிறத்துக்கு வந்தது.

"புகார் எழுதுனவங்க ஒரு நாளாச்சும் இந்த பெஞ்சுல ஒக்காந்திருக்காங்களா ஐயா?" என்றார் செல்லம்மா. "தின்னுறவன் ஒருத்தனும் எழுதல. தின்னாதவன் எழுதியிருக்கான்."

சுப்பிரமணி கெட்டவர் இல்லை. சமரசம் பேசினார். "ரெண்டு சட்டி வெச்சுக்கங்கம்மா. ஒண்ணு கடலெண்ணெய்க்கு. உங்களுக்கும் யாவாரம்."

செல்லம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "நாட்டை மாத்துன்னாங்க, மாத்தினேன். குடியிருந்த லயத்தை மாத்தினேன். மகனோட பள்ளிக்கூடத்தை மாத்தினேன். ரேசன் அரிசிக்கு வயித்தைக்கூட மாத்தினேன். இந்தச் சட்டியில இருக்கிற எண்ணெயை மாத்த ஏலாது. கடையை எடுக்கிறதுன்னா எடுங்க. சட்டி என்னுது."

சுப்பிரமணி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். மென்றார். "எனக்குப் பிடிக்கலைங்க" என்றார் பரிதாபமாக.

"எனக்கும் பிடிக்கலை தம்பி. இது மூணாவது."

"பிடிக்கலைன்னா தின்னாதீங்க ஐயா, கோவிச்சுக்க மாட்டேன்" என்றார் செல்லம்மா. "தின்னுறவங்க தின்னட்டும்."

சுப்பிரமணி கூட்டத்தைப் பார்த்தார், காலியான தட்டைப் பார்த்தார். "சரிங்க. கடை உங்ககிட்டயே இருக்கட்டும்னு தொரைகிட்டச் சொல்லிப்போடறேன்" என்றார். நாலடி போய்த் திரும்பிவந்து, குரலைத் தாழ்த்தி, "சரோஜாவுக்கு அந்த எண்ணெய்..." என்று இழுத்தார்.

"தொரை வாயால வரட்டும். அப்புறம் எண்ணெய்."

இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டிலும் அமைதி இல்லை என்று கேள்வி. எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பது முழுக்கத் தெரியும், ஆனால் நான் வம்பு பேசுகிறவள் இல்லை என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறேன். மூன்றாம் நாள் தொரையே கேட்டுக்கு ஜீப்பில் வந்து, கடை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் பாட்டிலோடு நின்ற வரிசையில் புகார் எழுதியவர்களின் மனைவிமார் அத்தனை பேரும் இருந்தார்கள். செல்லம்மா எல்லோருக்கும் ஊற்றினார், ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை. விலையை மட்டும் பாட்டிலுக்கு எட்டணா ஏற்றிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரிக்குக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், மத்தியான பஸ்ஸை நம்பவேண்டாம். குறுகலான கழுத்துள்ள பாட்டில் கொண்டுபோகாதீர்கள். குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், விரலை விட்டு எடுக்க வாயகன்ற பாட்டில் வேண்டும். உறையவில்லை என்றால் வாங்காதீர்கள், கலப்படம். முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சூடான கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று வெடிக்கக்கூடாது, வெடித்தால் ஈரம் இருக்கிறது, சீக்கிரம் கெட்டுவிடும். தோலுக்கு வேண்டுமானால் எதுவும் போடாத வெறும் தேங்காயெண்ணெயையே வாங்கி, ஒரு கரண்டிக்கு ஒரு சொட்டுத் தைலம் கலந்து, முதலில் முழங்கையில் தடவிப் பாருங்கள், கன்னத்தில் வேண்டாம். சமையலுக்குக் கறிவேப்பிலை போட்டதை வாங்கலாம். பூண்டு போட்ட எண்ணெயை மட்டும் அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், பாட்டிலில் வைத்துக் காப்பாற்றக்கூடாது. முடி வளர்ந்ததா என்று கேட்பீர்கள். ஒரு மாதம் ஆகிறது. உதிர்வது குறைந்த மாதிரி இருக்கிறது, அல்லது உதிர இனி ஒன்றும் இல்லை.

பேக்டரி கேட்டுக்குப் போனால், நின்றுகொண்டே வாங்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். ரோட்டைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க ஒரு வடை சாப்பிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் செல்லம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், மேலே எழுதிப் போடவேண்டாம். கடலெண்ணெயில் போட்டுத் தருவீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள், தவறில்லை. பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிட்டு, அவர் பதிலுக்காக உங்களோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.