சொறி டாக்டர்

"சொறியாதே!" என்று அதட்டினார் டாக்டர். மேசைமேல் நின்ற நாய் தூக்கிய காலை இறக்கிக்கொண்டது. வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் முழங்கையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதட்டல் யாருக்கு என்று அவர் சொல்வதில்லை. அந்த அறையில் எந்நேரமும் யாராவது ஒருவர் சொறிந்துகொண்டிருப்பதால் அது வீண் போவதும் இல்லை.

நாய், பூனைகளுக்கு எல்லா வைத்தியமும் பார்ப்பவர்தான். ஆனால் பெயர் வாங்கியது தோலில். எந்தத் தெருவில் விசாரித்தாலும் "சொறி டாக்டரா? நேரே போங்க" என்பார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "ஆமா, சொறி டாக்டர்தான். இருதய டாக்டருக்கு மட்டும் தலையில கொம்பா முளைச்சிருக்கு?" என்பார். வீட்டில் அந்த மரியாதைகூடக் கிடையாது. "எங்க மாமியார் என்னைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. குளிச்சாத்தான் மருமக, அதுவரைக்கும் சொறிநாய்!" சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பொடிப்பல் சீப்பு இருக்கும். என் பூனைக்கு வாலடியில் முடி கொட்டியபோது, சத்துக் குறைவு என்று நானே முடிவு கட்டி மீன் எண்ணெயாக ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் முதுகில் இரண்டு இழுப்பு இழுத்து, சீப்பில் வந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் தட்டினார். பொடியைச் சுற்றிச் சிவப்பு ஊறியது.

"இது அழுக்கில்ல சார். தெள்ளுப்பூச்சியோட எச்சம். உள்ள இருக்கிறது உங்க பூனை ரத்தம்."

"எங்க வீட்ல தெள்ளே கிடையாதே, டாக்டர்!"

"நீங்க சொல்றீங்க. தெள்ளு என்ன சொல்லுதுன்னு பஞ்சைப் பாருங்க."

எனக்கு அசடு வழிந்தது. ஆனால் நான் பரவாயில்லை. முகத்துக்குப் போடும் கிரீமை நாய்க்கு அப்பிக்கொண்டு வருபவர்கள் உண்டு. "ஏம்மா, உனக்குப் பொடுகு வந்தா நாய் ஷாம்பு போட்டுக்குவியா?" என்று ஓர் அம்மாளைக் கேட்டு, அந்த அம்மாள் யோசித்துப் பதில் சொல்லத் தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

வழக்கமாக வருகிறவர்கள் டாக்டரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். வெறுங்கையால் தொட்டால் மூச்சு சீராக வரும். இழுப்பறையைத் திறந்து கையுறையை எடுத்தால், நோய் நமக்கும் ஒட்டக்கூடியது என்று அர்த்தம்.

ஒருநாள் காலையில் மெக்கானிக் ஒருவர் நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். அதன் பெயர் பிளக்கு. இறக்கியதும் அறை முழுக்கப் பட்டறை வாடை. காதோரம் தடித்துப் பொருக்குக் கட்டியிருந்தது. வயிற்றில் முடியே இல்லை. மற்ற இடமெல்லாம் கறுப்பாக மினுமினுத்தது.

"வண்டியிலேர்ந்து வடிச்ச பழைய ஆயில், டாக்டரம்மா. துருப்பிடிச்ச போல்ட்டே கழண்டு வந்துடும். இது சொறிதானேன்னு..."

"ஏன் தம்பி, இது நாயா, வண்டியா? நக்கினா விஷமாச்சே!" என்றபடி இழுப்பறையைத் திறந்தார். நான் பூனைக்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

கையுறை மாட்டிய விரல்களால் நாயின் காது மடலை மடித்துத் தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் தானாகக் காற்றை உதைக்கத் தொடங்கியது.

"கிக்கர் அடிக்குது!" மெக்கானிக் கவலையை மறந்து வியந்தார். டாக்டர் சிரிக்கவில்லை; காதைத் தேய்த்தால் கால் உதைப்பதே சொறிக்கு அடையாளமாம். தோலைப் பிளேடால் மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"சொறிப்பூச்சி. தோலுக்குள்ள குடித்தனம் பண்ணுது. வீட்ல யாருக்காவது அரிக்குதா?"

மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது. மனைவிக்குக் கையெல்லாம் தடிப்பாம், தூக்கமே இல்லையாம். "நாய் இருந்தா நான் இல்லைன்னுட்டு அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. பிளக்கை எங்கயாவது விட்டுட்டு வந்து கூப்பிடுன்னா. ரெண்டுல எது போனாலும் வீடு வீடா இருக்காது, டாக்டரம்மா." ஊரார் வீட்டுச் சண்டையைக் காது குளிரக் கேட்கிற ஆள்தான் நான். அன்று கேட்க முடியவில்லை.

"இது போற வியாதிதான் தம்பி. முதல்ல இந்த ஆயிலைக் கழுவுவோம். மாத்திரை தர்றேன். அது படுத்த துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போடுங்க. அவங்க நம்பரைச் சொல்லுங்க."

தொலைபேசியில் டாக்டரின் குரல் தணிந்திருந்தது. "நாய்க்கு நான் பரிஞ்சு பேசலைம்மா. நீங்க முதல்ல ஒரு தோல் டாக்டரைப் பாருங்க. ஆனா அரிப்புன்னா என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். அதுக்கும் அதே அரிப்புதான், சொல்லத் தெரியலை. சரியானதும் நானே கூப்பிடுறேன். நீங்க வந்து உங்க கண்ணால பாருங்க." எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ, "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

தெள்ளு தொலைந்தது என்று மருந்தை நிறுத்தி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, நான் மறுபடி மறுபடி போக வேண்டியதாயிற்று. அப்போதெல்லாம் பிளக்கைப் பார்த்தேன். பொருக்கு உதிர்ந்தது. வயிற்றில் மெல்லிய பூனைமயிர் அரும்பியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இழுப்பறை திறந்தது.

கடைசியாகப் பார்த்த அன்று மெக்கானிக்கின் மனைவியும் வந்திருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். பிளக்கு அவரைப் பார்த்து மேசை அதிர வாலை அடித்தது.

டாக்டர் கையுறையோடு காதைத் தேய்த்தார். கால் அசையவில்லை. மற்ற காதையும் தேய்த்தார். அசையவில்லை.

"கிக்கர் அடிக்கல!" என்றார் மெக்கானிக், ரகசியம் போல.

சுரண்டியதை மைக்ராஸ்கோப்பில் வைத்து டாக்டர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். "ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

அப்பாடா என்று இருந்தது எனக்கே. மெக்கானிக் சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகராமல், "இனிமே ஒட்டாதில்ல டாக்டர்? தொடலாமா?" என்று கேட்டார்.

டாக்டர் கையுறைகளை ஒவ்வொன்றாக உருவிக் குப்பைக்கூடையில் போட்டார். வாசலில் நின்றவருக்கு நன்றாகத் தெரியும்படி சற்றே விலகி நின்று, வெறுங்கையின் ஐந்து நகங்களாலும் பிளக்கின் கழுத்தை, அதன் கண் சொக்கும்வரை, சொறிந்துவிட்டார்.