பெண் பார்க்கப் போன என் படிப்பு

எண்பதுகளின் நடுவில் சென்னையில், காது கேளாத பிள்ளைகளுக்கான ஆசிரியர் பயிற்சி படித்தேன். வகுப்பில் சைகை கூடாது. கையை ஆட்டினால் பிள்ளைகளுக்குப் பேச்சு வராதாம். நான் சைகை கற்றது விடுதிப் பிள்ளைகளிடம், துணி துவைக்கும் கல்லருகே. முதல் நாளே என் மூக்கைப் பார்த்துவிட்டு அதையே எனக்குப் பெயராக வைத்தார்கள். முகத்தில் எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதுதான் பெயர், அவர்களிடம் ஒளிவுமறைவு கிடையாது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

விடுமுறைக்கு நல்லம்பள்ளி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "நாளைக்குப் பாப்பாவைப் பாக்க வராங்க. கூட இருந்து எடுத்துச் சொல்லுங்கம்மா." தையல் வேலை செய்யும் அவர் மகளுக்குக் காது கேட்காது. மாப்பிள்ளைக்கும் கேட்காது, தருமபுரியில் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவர்.

அன்று மாலை அவள் என்னிடம் கையால் சொன்னாள்: "இந்த வீட்டில் என்னோடு யாரும் பேசியதில்லை. அவரும் பேசமாட்டார் என்றால் எனக்கு வேண்டாம்."

வீட்டுக்கு வீடு வாசப்படி. சபையில் கையை ஆட்டாதே என்று இரண்டு வீட்டிலும் மிரட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் மாப்பிள்ளை இரு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பித் தட்டோடு வந்தவள் அதைப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. அடுத்த நொடி தட்டை மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் திணித்துவிட்டு, நேராக மாப்பிள்ளையிடமே சைகையில் கேட்டாள்: "கையால் பேசுவீர்களா?"

மாப்பிள்ளையின் கைகள் வெளியே வந்தன. அப்புறம் நிற்கவே இல்லை.

"என்னம்மா பேசிக்கறாங்க?" என்று ஆளாளுக்கு என்னைப் பிடுங்கினார்கள். அந்த வேகத்துக்கு நான் எங்கே போவது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? "ஊர்க்கதைதாங்க" என்று அளந்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்க, காது நன்றாகக் கேட்கிற நாங்கள் அத்தனை பேரும் பேந்தப் பேந்த முழித்தோம். தாய்மாமன் இன்னும் தட்டை இறக்கவில்லை.

அவள் அப்பா மெல்ல என் பக்கம் வந்தார். "புடிச்சிருக்கான்னு பாப்பாவைக் கேக்கணும்."

"இருங்க மாமா, கேக்கறேன்."

"நீங்க வேணாங்க. எப்படிக் கேக்கறதுன்னு காட்டுங்க, நானே கேக்கறேன்."

காட்டினேன். அவர் மகள் முன்னால் போய் நின்று, தட்டுத் தடுமாறிக் கேட்டார். அவள் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அவர் விரல்களைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டு, மறுபடி கேட்கச் சொன்னாள். மூன்று தடவை கேட்க வைத்தாள். அதற்கப்புறம்தான் தலையாட்டினாள்.