மேலூரில் மிஞ்சிய தகடு

கப்பலூரில் தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவைக் கவனிப்பவர் சரண்யாதேவி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அங்கே பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் முடித்து இந்த நாற்காலிக்கு வந்தார்.

உதிரிபாகம் அனுப்பும் பதினெட்டுப் பட்டறைகளும் தினசரிக் கையிருப்பை செல்போன் செயலியில் பதியும்படி ஏற்பாடு செய்தவர் அவர்தான். வெட்டியது போக எவ்வளவு தகடு மிஞ்சுகிறது, அது எங்கே போகிறது என்றும் கேட்டிருந்தார். வாஷர் செய்து தரும் கருத்தக்கண்ணன் மட்டும் ஒரு மாதமாகியும் எதையும் பதியவில்லை. சரண்யாதேவி அவர் பட்டறைக்கே போய்விட்டார்.

"நாள் பூரா போனைத் தடவிக்கிட்டிருந்தா மெசினை யாரு தாயி ஓட்டுறது?"

கிரீஸ் அப்பிய அவர் விரல்களைப் பார்த்ததும் சரண்யாதேவிக்கு விஷயம் புரிந்தது. "தடவ வேணாம்ணே. வாயால சொல்லுங்க, போதும்" என்றார். அடுத்த வாரமே செயலியில் குரல் பதிவு வசதி வந்தது.

ஐப்பசியில் விடாத மழை. ஒரு நாள் காலை கருத்தக்கண்ணனின் குரல் வந்தது: "தகடு நாலு நாளைக்குத்தான் இருக்கு. லோடு இன்னும் வரலை."

வேறு மூன்று பட்டறைகளிலும் அதே நிலைமை. 'நாளைக்கு வந்துரும்' என்று அவரவர் காத்திருந்தார்கள். நான்கு பதிவுகளையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான், எல்லோருக்கும் ஒரே கிடங்கிலிருந்து தகடு வருவது சரண்யாதேவிக்குத் தெரிந்தது. போன் போட்டார். கிடங்கில் இடுப்பளவு தண்ணீர்; பத்து நாளாவது ஆகுமாம்.

உடனே செயலியை மேலும் கீழுமாகத் துழாவினார். மேலூரில் மோட்டார் மூடி செய்யும் பாண்டிராஜ் பட்டறையில் இரண்டு டன் தகடு மிஞ்சிக் கிடந்தது. அதே கனம்.

முதலாளி அருள்பாண்டி முகம் சுளித்தார். "காயலான் கடைக்குப் போறதையா நம்ம மோட்டார்ல போடுறது?"

"நல்ல தகடுதான் சார். மூடி வெட்டுனது போக மிஞ்சுனது. சோதிச்சுப் பாருங்க. சரியில்லைன்னா விட்டுருவோம்."

இருபது வாஷர் வெட்டிச் சோதித்தார்கள். ஒன்றில்கூடக் குறையில்லை. மதியமே மேலூரிலிருந்து நான்கு பட்டறைகளுக்கும் லாரி கிளம்பியது. துண்டு துண்டாகக் கையால் கொடுத்து வெட்ட வேண்டியிருந்ததால் கருத்தக்கண்ணன் முணுமுணுத்தார். ஆனால் சொன்ன நேரத்துக்குச் சரக்கு வந்தது. தொழிற்சாலை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

கிடங்கு திறந்த பிறகு கருத்தக்கண்ணனே கூப்பிட்டார். "பாதித் தகட்டை மேலூர்லயே எடுத்துக்கிறேன் தாயி. ஒரே ஆளை நம்பி எம்புட்டு நாளைக்கு இருக்கிறது?"

அருள்பாண்டியும் மறுநாள் கேட்டார். "ரப்பருக்கும் இந்த மாதிரி ரெண்டாவது ஆள் பாத்து வைக்கலாமாம்மா?"

"ரெண்டு பேரைப் பாத்துட்டேன் சார். சாம்பிள் வாங்கத்தான் இப்பப் போறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தார் சரண்யாதேவி.