மண்ணில் இறங்கச் சொல்லும் ஹாரன்

பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு, வேங்கிக்காலில் ஒரு பஸ் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஊர் திரும்பிய இந்த எட்டு மாதத்தில் நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான். ரோட்டின் குறுக்கே போலீஸ் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். அதற்கு மேல் எந்த வண்டியும் டவுனுக்குள் போகக்கூடாது. கட்டைக்கு அந்தப் பக்கம், கிரிவலம் போக வந்தவர்கள் தார் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நடந்தார்கள். தோளில் பிள்ளை, கையில் செருப்பு, வாயில் பேச்சு. ஓரம் தேடி ஒதுங்கியவர் ஒருவரும் இல்லை. பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு பச்சைக்கிளிப் படம் ஒட்டியிருந்தது. அந்தக் கிளியை எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் என் தங்கை வசந்தியின் இடது மணிக்கட்டு உடைந்தது இந்தக் கிளியால்தான். அன்றைக்கு நிற்க முடியாத பஸ் இன்றைக்கு நிற்கிறது. இன்ஜினை வேறு அணைத்திருக்கிறது. சைக்கிளைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில்தான் அந்த யோசனை தொடங்கியது.

‘ஊர் எப்படி இருக்கிறது, பழகிவிட்டதா?’ என்று நெதர்லாந்திலிருந்து நண்பர்கள் கேட்டு எழுதுகிறார்கள். இல்லை, பழகவில்லை. பழகவும் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

அங்கே இரண்டு வருடம் படித்தேன். போன முதல் வாரத்தில் அறைத்தோழன் யானோடு சைக்கிளில் வகுப்புக்குப் போவேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டால் போதும், என் கை தானாகத் திரும்பும். சைக்கிள் புல்லில் இறங்கிவிடும். நான்கைந்து முறை பார்த்துவிட்டு யான் தன் சைக்கிளை நிறுத்தினான். “என்ன தொலைத்துவிட்டாய்?” என்று கேட்டுக் குனிந்து புல்லுக்குள் தேட ஆரம்பித்தான். பஸ்ஸுக்கு வழி விட்டேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பஸ்ஸுக்குத் தனி ரோடு அந்தப் பக்கம் இருக்கிறதே, இந்தச் சிவப்புத் தார் சைக்கிளுக்கென்றே போட்டதுதானே என்றான். அதற்குப் பிறகும் என் கை அடங்க ஒரு மாதம் ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் வரும் சத்தத்துக்குப் பயப்படாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய சொத்து என்று அங்கே இருக்கும்போது தெரியவில்லை. அந்தச் சொத்தைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். தங்கையின் மணிக்கட்டு போனதும் அதனால்தான்.

நான் கிளம்பியபோது வேலூர் ரோட்டில் சைக்கிள்தான் ஜாஸ்தி. திரும்பி வந்து பார்த்தால் ஷேர் ஆட்டோ, வேன், ஜல்லி லாரி, சென்னையிலிருந்து ஆசிரமத்துக்கு வரும் வாடகைக் கார். ரோட்டின் அகலம் மட்டும் அதே அகலம். தார் முடியும் இடத்தில் அரை அடிப் பள்ளம், அதற்குக் கீழே மண். அந்த மண்தான் சைக்கிளுக்கு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நான் வந்த இரண்டாம் நாள் வசந்தி எனக்குப் பாடம் எடுத்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். தினமும் காலை ஆறரை மணிக் கணக்கு டியூஷனுக்கு வேங்கிக்காலிலிருந்து டவுனுக்குச் சைக்கிளில் போகிறவள்.

“மொத ஆரன் அடிச்சா ஓரமா போ. ரெண்டாவது அடிச்சா மண்ணுல எறங்கிடு.”

“மூணாவது?”

“மூணாவது அடிக்கும்போது நீ இருக்க மாட்ட.”

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. வளைவில் திரும்புவதற்கு முன் நெதர்லாந்தில் பழகியபடி கையை நீட்டினால், டவுன் பஸ் எனக்குப் பின்னால் கிறீச்சிட்டு நின்றது. “சைக்கிள எங்க சார் ஏத்துவ?” என்று கண்டக்டர் கத்தினார். எதிர்வீட்டுக்காரர், “ஃபாரின் போயிட்டு வந்த புள்ள ஒரு வண்டி வாங்கக்கூடாதா? அங்க வேல போயிடுச்சா?” என்று அப்பாவிடம் விசாரித்தார். இதே ஊரில் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் வாடகைச் சைக்கிளில் நடு ரோட்டில் ஆடி ஆடிப் போகிறார். லாரி அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அவர் ஓட்டினால் அது சாந்தி. நான் ஓட்டினால் வேலை போய்விட்டது. வசந்தி ஓட்டினால்? அவள் யார் கண்ணுக்கும் தெரிவதே இல்லை.

மணிக்கட்டு உடைந்த அந்தக் காலையில் டியூஷனுக்குத் துணையாக நான் முன்னால் போனேன், அவள் பின்னால் வந்தாள். முதல் ஹாரன் கேட்டது. நான் தாரிலேயே போனேன். எதிரே ஒன்றும் வரவில்லை, பஸ் போக இடம் இருந்தது, கொஞ்சம் விலகினால் போதும். இரண்டாவது ஹாரன். அவள் சைக்கிள் மண்ணுக்குத் திரும்பும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆறு வருடப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டே இறங்குவாள். நான் திரும்பிப் பார்க்காமல் கத்தினேன்: “எறங்காத! ரோடு நம்மளுதும்தான்!”

அண்ணன் சொன்னானே என்று அவள் ஹேண்டில்பாரைத் தாருக்குத் திருப்பினாள். பஸ் விலகவில்லை. அவள் மறுபடி இறங்கப் பார்த்தபோது நேரம் இல்லை. முன்சக்கரம் அரை அடிப் பள்ளத்தில் விழுந்தது. பஸ் அவளைத் தொடக்கூட இல்லை. பச்சைக்கிளி என்னையும் உரசாமல் போய்விட்டது.

அப்பா கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வசந்தியின் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் சைக்கிள் பக்கத்திலேயே பூட்டாமல் நின்றது. டியூஷனுக்குப் பஸ் கிடையாது. அந்த நேரத்தில் போகும் பச்சைக்கிளி வெளியூர் பஸ், வேங்கிக்காலில் நிற்காது; முதல் டவுன் பஸ் வரும்போது பாதிக் கணக்கு முடிந்திருக்கும். இன்ஜினியரிங் சேர வேண்டும் என்ற பெண், மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் வீட்டில் உட்கார்ந்து தோழியின் நோட்டைக் காப்பி அடித்தாள். தப்பு செய்தது பஸ், அதைவிடத் தப்பு செய்தது நான், பூட்டு அவளுக்கு. நான் கத்தியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இவ்வளவு கோபமாக எழுதுகிறேனே, அதில் பாதி அந்த மௌனத்தின் மேல்தான்.

பௌர்ணமிக்குத் திரும்பி வருகிறேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு டிரைவரிடம் போனேன். கீழே இறங்கி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காலைல இதே ரோட்டுல ஒரு பொண்ணு விழுந்துச்சே, அன்னிக்கு நிறுத்தியிருக்கலாமே?”

“எந்தப் பொண்ணு சார்?” என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அவருக்கு அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. சண்டை போடத் தயாராக வந்தவனுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“இப்ப மட்டும் நிக்கிறீங்க?”

“இவ்ளோ ஜனம் போவுது, நிக்காம இன்னா பண்றது? ஒத்த சைக்கிளுக்கெல்லாம் நின்னா டைமிங் போயிடும் சார்.”

அவ்வளவுதான். சட்டம் இல்லை, சிவப்புத் தார் இல்லை, எண்ணிக்கை. வேங்கிக்காலிலிருந்து அந்த டியூஷனுக்கு எட்டுப் பெண்கள் சைக்கிளில் போகிறார்கள். எட்டுப் பேரும் தனித்தனியாக, ஓரமாக, மண்ணில் இறங்கி இறங்கிப் போகிறார்கள். வசந்தியோடு ஒன்பது. ஒன்பது பேரும் ஒன்றாக, இரண்டிரண்டு பேராகத் தாரில் போனால்?

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். “என் சைக்கிள் பூட்டியிருக்கே” என்றாள். என்னுடையதை எடுத்துக்கொள் என்றேன்.

“நீ எதுல வருவ?”

“வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்.”

“வேணாம். உன் கால்ல பெடல் இருந்தா நீ சும்மா இருக்க மாட்டண்ணா. கேரியர்ல உக்காரு. கத்தக்கூடாது.”

“ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். விழுந்தப்ப யாரும் சிரிக்கலையே, பாக்கவே இல்ல.”

அதற்குப் பிறகு அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் இறங்கத்தான் போனாள், நான்தான் கத்தினேன் என்றேன். அப்பா பேப்பரை மடித்தார்.

“தெரியும்டா. அவளா எறங்காம இருக்கறவ? அதனாலதான் பூட்டுனேன். உன்னப் பூட்ட முடியாதே.”

யோசனையைச் சொன்னேன். கலெக்டரிடம் மனுவும் கொடுக்கலாம் என்றேன்.

“மனு எங்க போவும்னு எனக்குத் தெரியும். எத்தினி பேரு?”

“ஒம்பது.”

“கம்மி” என்றார். சாவி பையிலேயே இருந்தது. கை மட்டும் ஒரு தடவை அதன்மேல் போய்விட்டு வந்தது.

நாளை ஞாயிறு. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் தங்கிப் படிக்கிற பெண்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்களாம், வசந்தி போய்ப் பேசப்போகிறாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். யானுடைய ஊரில் பெரிய ஆம்பிளைகள் பெண்கள் ஓட்டும் சைக்கிளின் கேரியரில் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து போவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அப்படி இந்த வேலூர் ரோட்டில் வசந்திக்குப் பின்னால் நான் உட்காரப்போகிறேன், பின்பக்கம் பார்த்து, வருகிற பஸ்ஸுக்கு முகம் காட்டி. சைக்கிள் டவுனை நோக்கிப் போகும். என் கண் எதிர்ப்பக்கம் இருக்கும். ஹாரன் கேட்டால் என் கால் தானாக மண்ணைத் தேடும், எனக்குத் தெரியும். கையும் தானாக நீளும். இரண்டையும் மடக்கி வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, பச்சைக்கிளி எவ்வளவு தூரத்தில் வேகத்தைக் குறைக்கிறது என்று பார்க்க வேண்டும்.