ஒரே மழை, இரண்டு குன்று

முதலில் ஒரு விடுகதை. பக்கத்துப் பக்கத்தில், துளைகள் நிறைந்த செம்மண் பாறையான வெட்டுகல்லில் இரண்டு குன்றுகள். ஒன்றில் கொல்லா என்கிற முந்திரிமரமும் புதரும், மற்றது மொட்டை. இரண்டின் மேலும் ஒரே மழை. சித்திரையில் எதன் அடியில் தண்ணீர் இருக்கும்?

தமிழகமா கேரளமா என்ற எல்லைப் போராட்ட ஆண்டுகளில், பாறசாலைப் பக்கம் ஓடைநீரை அளப்பது என் வேலை. அளவெடுக்கும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாம் எதை அளக்கிறோம் என்பதை ஊர்தான் முடிவு செய்யும்.

நட்ட கல்

பச்சைக் குன்றின் ஓடையில் எண்கள் போட்ட கல் ஒன்றை நட்டேன். மறுநாள் அதற்கு மாலை போட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் வேறு யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். "தண்ணீர் அளக்கத்தான்" என்று சாயாக்கடைத் தங்கையனிடம் விளக்கினேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எல்லைக்கல்லு நடுகவன் எவன்வே எல்லைன்னு சொல்லிக்கிட்டு நடுவான்?"

ஐப்பசிக் கணக்கு

ஐப்பசி மழையில் மொட்டைக் குன்றின் ஓடை ஒரு மணி நேரத்தில் இரண்டு ஓடையும் சேரும் குளத்தை நிரப்பியது. பச்சைக் குன்றின் ஓடையில் கணுக்கால் நனையவில்லை. அளந்ததை அப்படியே எழுதினேன். குளத்தின் கீழே வாழை போட்டிருந்த தங்கையன், மரம் தண்ணீரைக் குடிக்கிறது, வெட்டுங்கள் என்று மனு கொடுத்தார். என் மேலதிகாரியான ஓவர்சியர் என் எண்களைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார்.

பச்சைக் குன்றின் அடியில் எஸ்தருக்கு ஒரு கிணறு. பத்து வீட்டுக்குக் குடிநீர் அதுதான். அவர் நேரே என்னிடம் வந்தார்: "சாரே, மழை பெய்யும்ப மட்டும் அளந்தா போருமா? வேனல்லயும் நாங்க குடிக்கணும்லா?"

வெட்டுவதைச் சித்திரை வரை தள்ளிவைக்க எழுதிக் கேட்டேன்.

இரண்டு செம்பு

சித்திரையில் கோடரிக்காரர்களோடு ஓவர்சியர் வந்தார். மொட்டைக் குன்று அனுப்பிய மண் குளத்தில் முழங்கால் உயரம் படிந்திருந்தது. நடுவில் ஒரு குழியில் மட்டும் சேற்றுநீர். எஸ்தரின் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர். மரமும் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வேர் திறந்த வழியாக மழை கல்லின் துளைகளுக்குள் இறங்கி மெதுவாகக் கிணற்றுக்குக் கசிகிறது என்று கணக்கை விரித்தேன்.

"கடலாசுல என்னவும் எழுதலாம்வே," என்றார் தங்கையன், கணக்குத் தாளைக் காட்டி.

ஓவர்சியர் கணக்கை மடித்தார். இரண்டு இடத்துத் தண்ணீரையும் செம்பில் எடுத்துவரச் சொன்னார். வெயிலில் நின்ற தங்கையனின் ஆறு வயது மகளிடம் இரண்டு செம்பையும் நீட்டினார்: "ஏது வேணும், மோளே?"

ஆறு மாதம் அளந்தவன் நான், கோடரிகளைத் திருப்பி அனுப்பியது அவள்: கிணற்றுச் செம்பை எடுத்துக் குடித்தாள்.