ஊர் திரும்பாத சுற்றுலாப் பயணி

ஷுக்ரியைக் கடையில் உட்காரவைக்க அவன் வாப்பா தலைகீழாக நின்று பார்த்தார். பதுளை பஜாரில் நல்ல துணிக்கடை. மகனோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு போன் கம்பெனியில் போய் உட்கார்ந்தான். பிடித்தால் பிடித்ததுதான், அப்படியொரு பிள்ளை.

இரண்டாயிரத்து எட்டில் அவனுக்குப் புதுவேலை ஒன்று வந்தது. பக்கத்தில் எல்ல என்ற மலையூருக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்பதை அவர்களுடைய போனை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். பேசாமல் பையில் கிடந்தாலும் போன் பக்கத்துக் கோபுரத்துக்குத் தன்னைக் காட்டிக்கொண்டேயிருக்கும். வெளிநாட்டுப் போன்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் ஓடவிட்டான் ஷுக்ரி. ஆளும் தெரியாது, பேரும் தெரியாது. புள்ளிகள் ரயிலில் வரும், மலையேறும், பெரகல பக்கமாக இறங்கிக் கடலுக்குப் போய்விடும்.

ஒன்று மட்டும் போகவில்லை. விடிந்ததும் ஒரு தேயிலை மலைக்கு ஏறும், பொழுது சாய்ந்தால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் இறங்கும். அடைமழையிலும் அதே நடை. இவன் என்ன பைத்தியக்கார வெள்ளைக்காரன் என்று சிரித்தவனுக்குப் போகப்போகச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அந்தத் தோட்டத்துக்கே போய் விசாரித்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள்.

"வெள்ளக்காரரு இல்லீங்க தம்பி, வெள்ளக்காரரு போனுதான் இருக்கு" என்றாள் நல்லம்மா என்கிறவள். "லயத்துல எங்க பக்கத்துக் காம்பரா இராக்கம்மா வச்சிருக்கா."

இராக்கம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்தாள். அவள் மகன் யோகராஜ் ஒரு வெள்ளைக்காரருக்கு மலை சுற்றிக் காட்டினான். அவர் ஊருக்குப் போகும்போது போனை சிம்மோடு அப்படியே கொடுத்துவிட்டார். கொழும்புக்குக் கடைவேலைக்குக் கிளம்பிய மகன், "இந்த நம்பருக்குத்தாம்மா கோல் எடுப்பேன், கையிலயே வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனான். சண்டை நடந்த காலம், அங்கே ஆமிக்காரர்களின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துப் போனதாகக் கேள்வி. அவ்வளவுதான் தெரியும்.

"நீங்க போன் கம்பெனிதானே தம்பி? இத மட்டும் வெட்டிறாதீங்க. அவனுக்கு வேற நம்பரு தெரியாது."

இது சுற்றுலாப் பயணியின் போன் இல்லை என்று முறைப்படி ஷுக்ரி மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும். எழுதினால் வெளிநாட்டில் விசாரிப்பார்கள், வெட்டிவிடுவார்கள். அவன் எழுதவில்லை. அறிக்கையில் இராக்கம்மா சுற்றுலாப் பயணியாகவே இருந்தாள். அன்றிலிருந்து காலையில் அந்தப் புள்ளி மலையேறியதைப் பார்த்த பிறகுதான் அவன் தேத்தண்ணி குடிப்பான்.

அடுத்த வருடம் ஒரு நாள் அந்த வழியாகப் போன ஷுக்ரி பார்த்தான், பதுளை ஆஸ்பத்திரி வாசலில் நல்லம்மா அழுதுகொண்டு நின்றாள். நெஞ்சுவலி என்று கொண்டுவந்த இராக்கம்மா போய்விட்டாள். மண் போடும்வரை ஷுக்ரியும் கூட நின்றான். போனைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. ஆசையாய் வைத்திருந்த பொருளைக் கூடவே வைத்துப் புதைப்பது அங்கே வழக்கம், அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

துக்கம் முடிந்து ஒரு காலை, வரைபடத்தில் அந்தப் புள்ளி மலையேறியது. அதே நேரம், அதே வழி. ஷுக்ரி பயந்துபோய்த் தெரிந்ததையெல்லாம் ஓதிக்கொண்டான். சாயந்திரம் அது லயத்துக்கு இறங்கியது. மறுநாள் மறுபடியும் ஏறியது. பொறுக்கமாட்டாமல் பஸ் பிடித்தான்.

மலையில் நல்லம்மா நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே தன் படங்குக்குள் கைவிட்டு அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்தாள்.

"கூடவே வச்சுப் பொதைக்கச் சொன்னாங்க தம்பி. நாந்தான் குடுக்கல. அந்தப் புள்ள கூப்பிட்டா யாராச்சும் எடுக்கணும்ல?"

"எடுத்து என்ன சொல்லுவீங்க?"

அவள் கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டாள்.

"ஒங்கம்மா மேல் மலையில கொழுந்தெடுக்குது, நீ வீட்டுக்கு வந்துருன்னு சொல்லுவேன்."